சட்டை ரசிகருக்கு, வழக்கு அச்சுக்காரருக்கு

கார் பிரியர்கள் கூடும் இடங்களில் ஒரு வாதம் எதிர்ப்பே இல்லாமல் உலவுகிறது. "நாங்கள் போலிச் சரக்கு விற்பவர்கள் இல்லை, ரசிகர்கள். லட்சக்கணக்கில் கொடுத்து அவர்கள் காரை வாங்கியிருக்கிறோம். அந்தக் காரின் பெயரையும் லோகோவையும் போட்டு நாங்களே வரைந்து ஐம்பது டி-ஷர்ட் அடித்துக்கொண்டால் கம்பெனிக்கு என்ன நட்டம்? இலவச விளம்பரம்தானே? லாபமும் வைப்பதில்லை, அடக்க விலைக்குத்தான் கொடுக்கிறோம்." இதற்குத் துணையாகச் சில நம்பிக்கைகளும் உண்டு. லோகோவைக் கொஞ்சம் மாற்றினால் போதும் என்பார்கள். 'அதிகாரப்பூர்வமற்றது' என்று ஓரத்தில் ஒரு வரி போட்டால் போதும் என்பார்கள். உற்பத்தி நின்றுபோன கார் என்றால் கேட்க ஆளே இல்லை என்பார்கள்.

இவற்றில் ஒன்றுகூட நிற்காது என்பது என் கட்சி. சட்டத்தின் முன் நிற்காது என்பது ஒரு பக்கம். அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று: இந்த வாதத்துக்கான விலையை அதைச் சொல்கிறவர் கொடுப்பதில்லை. குழுவின் வாட்ஸ்அப்பில் படத்தைப் போட்டவருக்கு அன்றைக்கு நாலு பாராட்டு கிடைக்கும். திருப்பூரில் ஜாப் ஒர்க்காக அதை வாங்கி, ஸ்கிரீன் கழுவி, துணியில் இறக்கிக் கொடுத்தவர் இந்தப் பேச்சில் எங்குமே இல்லை. வில்லங்கம் வந்தால் சரக்கு, அச்சு, பில் எல்லாம் இருப்பது அவர் பட்டறையில்தான்.

கார் வேறு, துணி வேறு என்ற நினைப்பிலிருந்து தொடங்குகிறேன். வணிகக்குறிப் பதிவில் வாகனங்கள் 12ஆம் வகுப்பு, ஆடைகள் 25ஆம் வகுப்பு. கார் கம்பெனி 12இல்தானே பதிந்திருக்கும், சட்டையில் அதற்கென்ன உரிமை என்று விவரம் தெரிந்தவர்களே கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே பதில் சொல்லி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஹைபோ இந்துஸ்தான் என்ற நிறுவனம் உள்ளாடைக்கு 'பென்ஸ்' என்று பெயர் வைத்து விற்றது. பெட்டியின் மேல் ஒரு வட்டம். அதற்குள் கால்களை அகட்டி, கைகளைத் தலைக்கு மேல் சேர்த்து நிற்கும் ஒரு மனித உருவம். பார்த்த மாத்திரத்தில் மூன்று முனை நட்சத்திரம் நினைவுக்கு வரும். டெய்ம்லர் பென்ஸ் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஜெர்மன் கார் கம்பெனி உள்ளாடை தைக்கிறது என்று இந்தியாவில் யாரும் நம்பப் போவதில்லைதான். ஆனாலும் நீதிமன்றம் தடையாணை கொடுத்தது. பல பத்தாண்டுகள் உழைத்துச் சம்பாதித்த பெயரின் மேல் வேறொருவர் ஏறி உட்கார்ந்துகொள்ள நியாயமான காரணம் எதுவும் இல்லை என்பதே அதன் பார்வை.

அன்றைக்கு நீதிமன்றம் பொதுக் கோட்பாட்டிலிருந்து எடுத்த முடிவு, 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டத்தில் எழுத்தாகவே வந்துவிட்டது. 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 29(4) பிரிவு சொல்வது இதுதான்: இந்தியாவில் நற்பெயர் உள்ள ஒரு பதிவுக் குறியை, சம்பந்தமே இல்லாத சரக்கில் போட்டாலும், தகுந்த காரணமின்றி அந்தப் பெயரால் ஆதாயம் பெற்றாலோ அதன் தனித்தன்மைக்கோ மதிப்புக்கோ கேடு செய்தாலோ அது மீறல். வாங்குபவர் குழம்ப வேண்டும் என்ற கட்டாயம்கூட இங்கே இல்லை. ஆகவே, "இதைப் பார்த்து கம்பெனிச் சட்டை என்று யார் நம்புவார்கள்?" என்ற கேள்வியைக் கேட்டு ஜெயித்துவிட்டதாக நினைப்பவர் பாதிச் சட்டத்தைத்தான் படித்திருக்கிறார்.

அடுத்தது இலவச விளம்பரம். இந்த வாதத்தின் உயிர்நாடி இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

விளம்பரம் யாருக்கு வேண்டும், எந்தத் துணியில் வேண்டும், எந்தப் படத்தோடு வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமைதான் வணிகக்குறி உரிமையின் சாரமே. கார் கம்பெனிகள் இன்று காரை மட்டும் விற்பதில்லை. ஃபெராரி 2021இல் மரனெல்லோ தொழிற்சாலைக்குள்ளேயே மாடல்களை நடக்கவிட்டுத் தன் ஆடை வரிசையை அறிமுகம் செய்தது. ஃபோர்டு, ஹார்லி டேவிட்சன் போன்றவை உரிமம் கொடுத்துத் தொப்பி, ஜாக்கெட், சாவிக்கொத்து என்று விற்றுப் பல காலம் ஆகிறது. அப்படியிருக்க, லோகோ போட்ட டி-ஷர்ட் அவர்கள் விற்கும் சரக்கேதான். அதை நாம் அடித்துக் கொடுத்துவிட்டு விளம்பரம் என்று பெயர் சொன்னால், உரிமத் தொகை கட்டி அதே சட்டையை அடிக்கும் இன்னொரு சிறு தொழில்காரருக்கு என்ன பதில் சொல்வோம்? அவரும் துணி வாங்கி, கூலி கொடுத்து, அதற்கு மேல் உரிமத்துக்கும் கட்டுகிறார்.

காரை விலை கொடுத்து வாங்கியதால் பெயரிலும் பங்கு வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தேருக்கு நன்கொடை கொடுத்தவர் உண்டியல் சாவியைக் கேட்க முடியாது. வாங்கியது வண்டி. அதை ஓட்டலாம், விற்கலாம், நிறம் மாற்றலாம், படம் எடுத்துச் சுவரில் மாட்டலாம். பெயரைச் சரக்காக்கி விற்கும் உரிமை அந்த விலையில் சேரவில்லை.

லோகோ வெறும் அழகு, அலங்காரம், அதைப் பார்த்து யாரும் தயாரிப்பாளரைத் தேடுவதில்லை என்ற நுட்பமான வாதமும் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டுத் தோற்றிருக்கிறது. அமெரிக்காவில் ஆட்டோமோட்டிவ் கோல்டு என்ற நிறுவனம் ஃபோக்ஸ்வேகன், ஆடி லோகோக்கள் பதித்த சாவிக்கொத்தும் நம்பர் பிளேட் உறையும் விற்றது. லோகோ அழகாக இருக்கிறது, அதனால்தான் வாங்குகிறார்கள், ஆகவே அது குறியாகவே வேலை செய்யவில்லை என்று வாதாடியது. ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் இதை நிராகரித்தது. அந்த அழகுக்கு மதிப்பு வந்ததே அது ஃபோக்ஸ்வேகனுடையது, ஆடியுடையது என்பதால்தான். நம் ரசிகரும் மனத்தைத் தொட்டுச் சொல்லட்டும்: யாருமே கேள்விப்படாத கம்பெனியின் நான்கு வளையங்களை அவர் நெஞ்சில் போட்டுக்கொள்வாரா?

'அதிகாரப்பூர்வமற்றது' என்ற ஒரு வரி காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு உலகப் புகழ்பெற்ற பதில் லண்டனில் இருக்கிறது. கார் அல்ல, கால்பந்து. ஆனால் ரசிகர் சட்டைக்கான சட்டம் அங்கேதான் கூர்மையாக அலசப்பட்டது. ஹைபரி மைதானத்துக்கு வெளியே 1970 முதல் கடை போட்டு ஆர்சனல் அணியின் பெயர் பதித்த துண்டும் சட்டையும் விற்றவர் மேத்யூ ரீட். இவை அதிகாரப்பூர்வச் சரக்கு இல்லை என்று கடையில் பலகையே வைத்திருந்தார். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அணியின் பெயர் இங்கே விசுவாசத்தின் அடையாளம்தானே தவிர சரக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கான குறி இல்லை என்ற வாதம் இங்கிலாந்து உயர் நீதிமன்ற நீதிபதியிடம் எடுபட்டது. நம் கார் பிரியர்கள் இன்று சொல்வதும் வரிக்கு வரி இதுதான். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 2002 நவம்பரில் அது ஆர்சனல் பக்கம் சொன்னது. ஐரோப்பிய நீதிமன்றம் தன் வரம்பைத் தாண்டி உண்மை விவரங்களுக்குள் போய்விட்டது என்று சொல்லி உயர் நீதிமன்ற நீதிபதி மறுபடியும் ரீட் பக்கமே நின்றார். 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி ஆர்சனலுக்கே தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பின் அடிப்படை எளிமையானது. கடைக்கு முன் நின்று பலகையைப் படித்தவர் ஒருவர்; அவர் அந்தத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போனபின் அதைப் பார்ப்பவர்கள் வேறு. பலகை கூடவே நடந்து போவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே இடத்தில் ஒளிக்காமல் விற்ற மனிதரையே அந்தப் பலகை காப்பாற்றவில்லை என்றால், இணையப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் போடும் வரி நம்மைக் காப்பாற்றும் என்று நம்ப என்ன ஆதாரம்?

சட்டையிலேயே அச்சடித்துவிட்டால்? அதற்கும் வழக்கு உண்டு. நியூயார்க் மாநிலத்தில் மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்திய ஒருவர் ஹார்லி டேவிட்சனின் பட்டையும் கேடயமும் சேர்ந்த சின்னத்தைக் கொஞ்சம் மாற்றித் தன் பட்டறைச் சின்னமாக்கிக்கொண்டார். 'அங்கீகாரமற்ற டீலர்' என்று அதிலேயே எழுதியும் வைத்தார். கேலிச் சித்திரம் என்றும் வாதாடினார். இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999இல் அதை ஏற்கவில்லை. தன் சொந்த வியாபாரத்துக்கு அடையாளமாகப் பிறர் சின்னத்தை வளைத்துக்கொண்டபின் கேலி என்று சொல்லித் தப்ப முடியாது என்றது. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதே திசையில் ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னது. ஜாக் டேனியல்ஸ் விஸ்கி புட்டியைக் கேலி செய்யும் நாய் பொம்மை வழக்கு அது. கேலி என்றாலும், பிறர் குறியைத் தன் சரக்கின் குறியாக்கிக்கொண்டால் கலைச் சுதந்திரத்துக்கான தனிச் சலுகை கிடையாது என்றது.

இருபது முப்பது சதவீதம் மாற்றினால் போதும் என்ற கணக்கை நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு கணக்கு இல்லை. 'ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருக்கிறதா' என்பதே கேள்வி. அளவுகோல் எடுத்து யாரும் அளக்கப் போவதில்லை. லோகோவே போடவில்லை, முன்பக்கக் கிரில்லை மட்டும் வரைந்தேன் என்பவரும் யோசிக்க வேண்டும். ஜீப்பின் ஏழு செங்குத்துத் துளைகள் கொண்ட முகமே பதிவு பெற்ற குறி. மகிந்திரா அமெரிக்காவில் விற்ற ராக்ஸர் வண்டியின் உருவம் ஜீப்பைப் போலவே இருக்கிறது என்று ஃபியட் கிறைஸ்லர் 2018இல் புகார் செய்தது. 2020இல் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் அந்த உருவத்தில் விற்கத் தடை போட்டது. எண்கள்கூட அப்படித்தான். போர்ஷே தன் காருக்கு 901 என்று பெயர் வைத்தது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்க எண்கள் எங்களுடையவை என்று பெஷோ எதிர்ப்புச் சொன்னதும் 1964இல் 911 ஆக மாற்றிக்கொண்டது. அவ்வளவு பெரிய கம்பெனியே மல்லுக்கட்டாமல் ஒதுங்கிப் போயிருக்கிறது.

செத்துப்போன காருக்கு யார் சொந்தம் என்று கேட்பவர்களுக்கு அம்பாசடர்தான் பதில். 2014 மே மாதம் வங்காளத்தின் உத்தரபாராவில் உற்பத்தி நின்றது. அரசு வாசல்களில் நின்ற வெள்ளை அம்பாசடரும், டாக்ஸி ஸ்டாண்டில் நின்ற அம்பாசடரும் ஊருக்கே பொதுச்சொத்து போல நம் நினைவில் இருக்கின்றன. ஆனால் 2017இல் அந்தப் பெயரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் பெஷோ நிறுவனத்துக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றது. ஒரு கார்கூட வெளியே வராத நிலையில் வெறும் பெயருக்கு 80 கோடி! அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் சட்டையில் போட்டு இணையத்தில் விற்பவர், இது யாருக்கும் சொந்தமில்லாத பழைய நினைவு என்று சொல்ல முடியாது. வாங்கியவர் இருக்கிறார், விலையும் ஊரறிந்தது.

இனி, என்னைக் கோபப்படுத்தும் இடத்துக்கு வருகிறேன். 'லாபம் வைக்கவில்லை' என்ற வாதம்.

தனக்கென்று ஒரே ஒரு சட்டையில் கையால் வரைந்து போட்டுக்கொள்பவரைச் சட்டம் தேடி வருவதில்லை. சட்டத்தின் கண் 'வணிகப் போக்கில்' நடப்பதன் மேல்தான். குழுவில் ஆர்டர் எடுத்து, அளவு கேட்டு, ஜிபே-யில் பணம் வாங்கி, கூரியரில் அனுப்பினால் அது வணிகப் போக்கு இல்லை என்று வாதிடுவது கடினம்; லாபம் பூஜ்யம் என்பது இழப்பீட்டுக் கணக்கில் வேண்டுமானால் உதவும். சரி, குழுவுக்கு அந்தச் சலுகை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அச்சடித்தவருக்கு? அவர் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியிருக்கிறார். அவருக்கு அது முழுக்க முழுக்க வியாபாரம். ஆக, ரசிகர் தனக்காகக் கண்டுபிடித்த சமாதானம் அச்சுக்காரருக்குத் துளியும் பொருந்தாது. ரசிகர் ஆசைக்குச் செய்கிறார். அச்சுக்காரர் வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிறார். சட்டத்தின் பார்வையில் அவருடைய நிலைதான் மோசம்.

நம் சட்டத்தில் இது அபராதத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. பிறர் வணிகக்குறியைப் பொய்யாகப் பதித்தால் 103ஆவது பிரிவின்படி குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். அப்படிப் பதித்த சரக்கை விற்றால் 104ஆவது பிரிவில் அதே தண்டனை. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று காட்டினால் தப்பலாம். ஆனால் காட்ட வேண்டிய பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். 115ஆவது பிரிவு இன்னும் கடுமையானது. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரி, பதிவாளரின் கருத்தைப் பெற்றபின், வாரன்ட் இல்லாமலே சோதனை போடலாம். சரக்கை மட்டுமல்ல, அச்சு, பிளேட், இயந்திரம் வரைக்கும் கைப்பற்றலாம். பொருளைத் திருப்பிக் கேட்டு மனுப் போட 15 நாள் அவகாசம். இயந்திரத்தைத் தவணையில் வாங்கி ஓட்டும் ஒரு பட்டறை பதினைந்து நாள் பூட்டிக் கிடந்தாலே என்ன ஆகும் என்பதைத் திருப்பூரில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை.

சிவில் வழக்கும் சுலபமில்லை. குறியின் உரிமையாளர் தான் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குப் போடச் சட்டம் வழி கொடுத்திருப்பதால், பெரிய கம்பெனிகளின் வழக்குகள் பலவும் டெல்லியில்தான் போடப்படுகின்றன. அவிநாசி சாலையில் பட்டறை வைத்திருப்பவர் டெல்லி வக்கீலுக்குப் பணம் அனுப்ப வேண்டிவரும். வழக்கில் ஜெயிப்பதா தோற்பதா என்பது பிறகு. அங்கே போய் நிற்பதற்கான செலவே அவருடைய ஒரு சீசன் வருமானத்தை விழுங்கிவிடும்.

'நான் வெறும் அச்சடிப்பவன், படம் கொடுத்தவர்தான் பொறுப்பு' என்ற வாதத்தை மிகப் பெரிய அளவில் வைத்துப் பார்த்த நிறுவனம் அமெரிக்காவின் சன்ஃபிராக். அதில் யார் வேண்டுமானாலும் படம் ஏற்ற முடிந்தது, அவர்கள் சட்டையில் அடித்து அனுப்பினார்கள். ஹார்லி டேவிட்சன் சின்னங்கள் போட்ட சட்டைகள் அதில் ஏராளமாக விற்றன. கம்பெனி பலமுறை எச்சரித்தது. ஏற்றப்படும் படங்கள் கணக்கில் அடங்காதவை, எல்லாவற்றையும் பார்க்க முடியாது என்றது சன்ஃபிராக். 2018இல் விஸ்கான்சின் நீதிமன்றம் அந்த நிறுவனம் 1.92 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அச்சடித்தது நீ, விற்றது நீ, பொறுப்பும் உன்னுடையது. படம் ஏற்றிய ஆயிரக்கணக்கான ரசிகர்களின் பெயர் அந்தத் தீர்ப்பின் தொகையில் எங்குமில்லை.

இப்படியெல்லாம் பேசுவதால் நான் கம்பெனிகளின் ஆள் என்று நினைக்க வேண்டாம். கம்பெனிகள் அளவுக்கு மீறுவதுண்டு, அதையும் சொல்கிறேன். ஆனால் ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதைகளே பாதி விழுங்கப்பட்டவை. 2008 ஜனவரியில் பிளாக் மஸ்டாங் கிளப் உறுப்பினர்கள் தங்கள் சொந்தக் கார்களின் படங்களை வைத்து ஒரு நாள்காட்டி போட நினைத்தார்கள். கஃபேபிரஸ் என்ற அச்சு நிறுவனம் ஃபோர்டு வக்கீல்களைக் காரணம் காட்டி அச்சடிக்க மறுத்தது. 'சொந்தக் காரைப் படம் எடுக்கக்கூட ஃபோர்டு தடை போடுகிறது' என்று இன்று வரை இது சொல்லப்படுகிறது. பிறகு ஃபோர்டு தெளிவுபடுத்தியது இதுதான்: தங்கள் வண்டிகளைப் படம் எடுத்துக் கிளப் நாள்காட்டி போடுவதில் ஆட்சேபம் இல்லை, விற்கிற பொருளில் ஃபோர்டின் லோகோவைப் போடுவதில்தான் ஆட்சேபம். அதே ஆண்டு டிசம்பரில் ஃபோர்டு ரேஞ்சர் ரசிகர் தளம் ஒன்றுக்கு வந்த வக்கீல் கடிதம் தளத்தின் பெயரையே ஒப்படைக்கச் சொன்னது, 5,000 டாலரும் கேட்டது. அது அத்துமீறல், சந்தேகமே இல்லை. ஃபோர்டின் சமூக ஊடகப் பொறுப்பாளர் ஸ்காட் மான்டி தலையிட்டு ஒரே நாளில் அதைத் தணித்தார். தளத்தின் பெயர் தளத்திடமே இருந்தது. ஆனால் கடிதத்துக்கு மூல காரணம் அந்தத் தளத்தில் விற்ற ஃபோர்டு லோகோ ஸ்டிக்கர்கள். அவற்றின் விற்பனை நின்றது. ரசிகர்களின் நினைவில் கடிதம் தங்கியது, ஸ்டிக்கர் மறைந்துவிட்டது.

ரசிகர்கள் பக்கம் வலுவாக இருக்கும் வழக்குகளும் உண்டு. அவற்றையும் மறைக்க மாட்டேன். ஜெர்மனியில் ஆட்டெக் என்ற பொம்மை நிறுவனம் ஓப்பல் ஆஸ்ட்ரா காரின் சிறு மாதிரியை, முன்பக்க மின்னல் சின்னத்தோடு அப்படியே செய்து விற்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 2007இல் வகுத்த கோட்பாட்டின்படி ஜெர்மன் நீதிமன்றங்கள் ஓப்பலின் வழக்கைத் தள்ளுபடி செய்தன. மாதிரி கார் என்றால் உண்மைக் காரின் சின்னமும் அதில் இருக்கும் என்று வாங்குபவருக்குத் தெரியும் என்பது காரணம். சட்டைக்கு அந்தக் காரணம் பொருந்தாது. சட்டை எந்தக் காரின் மாதிரியும் இல்லை. நம் உச்ச நீதிமன்றம் 2017இல் டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: 2001 முதல் 'பிரியஸ்' பெயரில் உதிரிபாகம் விற்றுவந்த இந்திய நிறுவனம் அந்தப் பெயரைத் தொடரலாம், ஏனென்றால் அந்தச் சமயத்தில் அந்தக் காருக்கு இந்தியாவில் நற்பெயர் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை. உலகப் புகழ் தானாகவே இந்திய உரிமை ஆகாது என்பது முக்கியமான பாடம். ஆனால் ரசிகர் யாருமே அறியாத காரின் சட்டையை அடிப்பதில்லையே! டாட்டா சின்னத்தை வைத்து கிரீன்பீஸ் அமைப்பு ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தைக் கண்டிக்கும் ஒரு விளையாட்டை வெளியிட்டபோது, அதைத் தடுக்க டெல்லி உயர் நீதிமன்றம் 2011இல் மறுத்தது. கண்டனமும் விமர்சனமும் வணிகக்குறிக்கு அடங்கியவை இல்லை. ஒரு கம்பெனியின் மோசமான பிரேக்கைப் பற்றிச் சட்டையில் எழுதி ஊர்வலம் போகிறவருக்கு இந்தத் தீர்ப்பு துணை நிற்கும். புகழ்பாடி லோகோ போட்டு விற்பவருக்கு நிற்காது.

இந்த வழக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் கோடு எங்கே என்பது மங்கலாகவாவது தெரிகிறது. பெயரைச் சொல்வது ஒன்று, சின்னத்தை எடுத்தாள்வது இன்னொன்று. லெக்ஸஸ் வாங்கித் தரும் தரகர்கள் இருவர் தங்கள் இணைய முகவரியில் அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம் என்று 2010இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் டொயோட்டாவுக்கு எதிராகச் சொன்னது; எதை விற்கிறோம் என்று சொல்லாமல் எப்படி விற்பது? நம் சட்டத்தின் 30ஆவது பிரிவும் நேர்மையான வழக்கப்படி ஒரு சரக்கை அடையாளம் காட்டப் பெயரைச் சொல்ல இடம் தருகிறது. குழுவின் பெயர், ஊர், சந்திப்பு நடந்த தேதி, எந்தக் காரின் உரிமையாளர்கள் என்ற விவரம் எல்லாம் சாதாரண எழுத்தில் இருந்தால் வாதாட இடம் உண்டு. கம்பெனியின் எழுத்துருவில், அதன் நிறத்தில், அதன் சின்னத்தோடு நெஞ்சை நிறைத்தால் அந்த இடம் போய்விடும். ஹார்லி வழக்கிலேயே பட்டறைக்காரர் ஒன்றில் ஜெயித்தார்: 'ஹாக்' என்பது பெரிய மோட்டார் சைக்கிளுக்குச் சவாரிக்காரர்கள் வாயில் வழங்கிய பொதுச்சொல், கம்பெனி அதைப் பிடுங்கிக்கொள்ள முடியாது என்றது அதே நீதிமன்றம். சின்னம் கம்பெனியுடையது, பேச்சு ஜனங்களுடையது.

ரசனை பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு, அதைச் சொல்லாமல் போக மனமில்லை. லோகோச் சட்டை சோம்பேறித்தனமான சட்டை. காரே வாங்காதவரும் அதைப் போட்டுக்கொள்ளலாம். வண்டியோடு வாழ்ந்தவருக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றுக்கு யாரும் உரிமம் கேட்பதில்லை. 1-8-4-3-6-5-7-2 என்று வெறும் எண்வரிசையை முதுகில் போட்டுக்கொண்டு நடந்தால், பழைய செவ்ரலே வி8 இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவர் கூட்டத்தில் எங்கிருந்தாலும் திரும்பிப் பார்ப்பார். அது அந்த இன்ஜினின் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை. 796 என்ற மூன்று இலக்கம் நம் ஊரில் எத்தனை குடும்பங்களின் முதல் காரைச் சொல்லும்! ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கைக் கியர், முன்னிருக்கையில் டிரைவரோடு சேர்த்து மூன்று பேர், கூரையில் கயிறு போட்டுக் கட்டிய படுக்கை மூட்டை: பெயரே இல்லாமல் எந்தக் கார் என்று ஐம்பது வயதுக்காரர் சொல்லிவிடுவார். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஞாயிற்றுக்கிழமை காலையில் டயர் மாற்றும் பையன்களின் கைகளை வரையுங்கள். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளின் எண்களை வரையுங்கள். ஓவியர் இருக்கிறார், அச்சு இருக்கிறது, 180 ஜி.எஸ்.எம். துணி இருக்கிறது. சின்னத்தைத் தவிர வேறு எதையும் யோசிக்காததுதான் குறை.

உண்மையிலேயே லோகோ வேண்டும் என்றால் எழுதிக் கேளுங்கள். கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்பது எல்லா நேரத்திலும் சரியில்லை. பெரிய கம்பெனிகள் சில பதிவு பெற்ற உரிமையாளர் சங்கங்களுக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுக்கின்றன. கொடுக்கும்போது துணியின் தரம், நிறம், அளவு எல்லாம் கேட்பார்கள். அது அதிகாரத் திமிர் இல்லை. தரத்தைக் கவனிக்காமல் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள விட்டால் குறியின் மேலுள்ள உரிமையே பலவீனப்படும் என்பது அவர்கள் கவலை. இதுவரை கண்டுகொள்ளாமல் இருந்த கம்பெனி அனுமதி கொடுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதும் தவறு. அதன் மௌனத்தை மட்டும் காட்டி அச்சுக்காரர் நீதிமன்றத்தில் சுலபமாகத் தப்ப முடியாது. மறுபக்கம், ஆதாரமில்லாமல் மிரட்டும் வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதற்கெதிராக வழக்குப் போட 142ஆவது பிரிவு இருக்கிறது. சுத்தமான சட்டை அடித்தவருக்குத்தான் அந்தப் பிரிவு பயன்படும்.

அச்சுப் பட்டறை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வணிகக்குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். 12, 25 இரண்டு வகுப்பிலும் தேடுங்கள். படம் கொடுப்பவரிடம் இது யாருடையது என்று கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும், அவர் பெயர், முகவரி, கையெழுத்தோடு. 104ஆவது பிரிவில் மாட்டினால், போதிய முன்னெச்சரிக்கை எடுத்தேன், இன்னாரிடமிருந்து வாங்கினேன் என்று சொல்ல அந்தக் காகிதம்தான் உதவும். கையெழுத்துப் போடத் தயங்குகிற ரசிகரின் ஆர்டரைத் திருப்பி அனுப்புங்கள், ஐந்நூறு பீஸ் என்றாலும். ரசிகர் குழுக்களை நடத்துபவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: அடுத்த சந்திப்புக்குச் சட்டை அடிக்கக் கொடுக்கும்போது, வழக்கு வந்தால் செலவு எங்களுடையது என்று ஆர்டர் தாளில் எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுக்க மனம் வராத படத்தை அச்சுக்காரரிடம் கொடுக்காதீர்கள்.